கடையின் பின்கட்டில் ஒரு பெட்டிச் செம்மண்

பின்கட்டில் இருக்கும் மண்பெட்டியை எடுத்துவிட வேண்டும் என்று நீங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு முதலாளியிடம் மனுக் கொடுத்திருக்கிறீர்களாம். அவர் அதை எனக்கு அனுப்பி, நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள் என்று நழுவிவிட்டார். புழுதி பறக்கிறது, ஏசி அடைத்துக்கொள்கிறது, வாடிக்கையாளரின் வெள்ளைக் காலணி சிவப்பாகிறது, பந்து போகும் திசையைக் கம்ப்யூட்டரே காட்டும்போது மண் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் நியாயமான புகார்தான். கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். முதல் அரைமணி நேரம் நன்றாகவே வந்தது. பிறகு காபி குடித்தேன், இறங்கிவிட்டது.

சென்னையில் கோல்ஃப் குச்சி விற்கிற, பழுது பார்க்கிற கடை நம்முடையது. அதன் கவுண்டரில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றுவிட்டு ஓய்வு பெற்றவன் நான். உங்களைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று சொல்ல வரவில்லை. தப்பான குச்சியைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தப்பின் வழியாகவே இந்தத் தொழிலுக்குள் வந்தவன் என்ற ஒரே தகுதியில் பேசுகிறேன். பெட்டியின் கதையும் அதுதான்.

கள்ளக்குறிச்சியில் கோல்ஃபா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், எங்கள் வீட்டிலேயே சிரித்தார்கள். ஊருக்கு வெளியே, கல்வராயன் மலை தெரிகிற பக்கத்தில், ஒரு சர்க்கரை ஆலை இருந்தது. அதன் அதிகாரிகள் ஏரியை ஒட்டிய தரிசில் ஆறு குழி வெட்டி, கொடி நட்டு, கோல்ஃப் மைதானம் என்று பெயர் வைத்திருந்தார்கள். மழை பெய்தால் இரண்டு மாதம் புல் இருக்கும். மற்றப் பத்து மாதமும் செம்மண்தான், அதுவும் தார் ரோடு மாதிரி இறுகிய செம்மண். குழியைச் சுற்றி வழுவழுவென்று புல் இருக்க வேண்டிய இடத்தில் ஆற்று மணலோடு பழைய எஞ்சின் ஆயிலைக் கலந்து கொட்டி அமுக்கியிருப்போம். அந்தக் கறுப்பு வட்டத்தைப் பலகை போட்டு இழுத்துச் சமன் செய்வது, மாடுகளை விரட்டுவது, அதிகாரிகளின் குச்சிகளைத் துடைத்து அடுக்குவது எல்லாம் என் வேலை. நாலு வருடமாகத் தினக்கூலி.

அந்த மைதானத்துக்கு ‘மார்க்கர்’ என்று ஒரு நிரந்தர வேலை உண்டு. குச்சிகளுக்கும் மைதானத்துக்கும் அவர்தான் பொறுப்பு, புதிதாக ஆட வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பார். இருந்தவர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் காலியானது. பெங்களூரில் வேலை பார்த்த, ஆங்கிலம் பேசுகிற ஒருவர் மனுப் போட்டிருந்தார். நானும் போட்டிருந்தேன். மைதானத்தை நடத்திய கிளப்பின் செயலாளர் ஆலையின் தலைமை இன்ஜினீயர். அவர் சிபாரிசு செய்வதை ஜெனரல் மேனேஜர் கேட்பார் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த வேலை கிடைத்தால் என் வாழ்க்கை ஒரு வழிக்கு வரும் என்று இருந்தேன்.

அந்த இன்ஜினீயருக்கு அப்போது ஒரு கஷ்டம் இருந்தது. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு உடைந்து, கூடியும் பழைய பலம் வரவில்லை. அந்தச் சமயம் பார்த்து அவருடைய பழைய வெட்ஜின் தண்டு துருவேறி இரண்டாக உடைந்தது. வெட்ஜ் என்பது கோல்ஃப் குச்சிகளில் முகம் மல்லாந்தது, குழிக்குப் பக்கத்தில் வந்ததும் பந்தைக் கொஞ்சம் தூக்கிப் போடுவதற்கு. உங்களுக்குத் தெரியும், உங்கள் வீட்டில் யாராவது படித்தால் புரியட்டும் என்று சொல்கிறேன். அரவைக் காலத்தில் ஆலையை விட்டு அவர் நகர முடியாது. என்னைக் கூப்பிட்டு, மெட்ராஸ் போய் ஒரு வெட்ஜ் பார்த்து வாங்கி வா, நாலு வருடமாகக் குச்சி துடைக்கிறாய், உனக்குத் தெரியாதா என்றார். மார்க்கர் வேலைக்கு இதுதான் பரீட்சை என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் கேட்டது.

மெட்ராஸ் கடைக்குள் போனதும் தலைகால் புரியவில்லை. சுவர் முழுக்கக் குச்சி. நடுவில் பச்சைக் கம்பளம் விரித்து, எதிரே வலை கட்டியிருந்தார்கள். கடைக்காரர் ஐந்தாறு வெட்ஜ்களை எடுத்துக் கொடுத்து அடித்துப் பார்க்கச் சொன்னார். அதில் ஒன்று அடிப்பக்கம் நன்றாகப் புடைத்து, கனமாக, கண்ணைப் பறிக்கும் பளபளப்போடு இருந்தது. கம்பளத்தில் பத்துப் பந்து அடித்தேன். பத்தும் ஒரே மாதிரி எழும்பி வலையில் விழுந்தன. கடைக்காரர், உங்கள் மைதானம் எப்படி என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதை வாங்கித் துணிப்பையில் சுற்றிக்கொண்டு, இரண்டு பந்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் விடியற்காலை பஸ் ஏறினேன்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் மறியல் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. எந்தப் பஸ் எந்த ஊரோடு நிற்கும் என்று டிரைவருக்கே தெரியாது. எங்கள் பஸ் எலவனாசூர்கோட்டைக்கு முன்னால் நின்றது. சாலையின் குறுக்கே இரண்டு புளியமரங்கள் கிடந்தன. இறங்கி நடக்க வேண்டியதுதான் என்றார் கண்டக்டர். என் பக்கத்து சீட்டில் வந்தவர் ஒரு கொல்லர், என் வயதுதான் இருக்கும். கள்ளக்குறிச்சியில் பட்டறை. உளுந்தூர்பேட்டையில் களைக்கொத்து விற்றுவிட்டு, மீதியைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டிருந்தார். பேச்சென்றால் அப்படிப் பேச்சு. இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம்.

மரத்துக்கு அந்தப் பக்கம் நாற்பது ஐம்பது பேர் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் கல் கூட்டி அண்டாவில் சோறு வெந்துகொண்டிருந்தது. முந்தின நாள் யாரோ இரும்புத் தடியோடு வந்து மறியலில் இருந்தவர்களை அடித்துவிட்டு ஓடியதாக ஒரு பேச்சு. அதனால் பையைப் பார்க்காமல் யாரையும் விடவில்லை. கொல்லரின் சாக்கைப் பிரித்தார்கள். அத்தனையும் கூரான இரும்பு. களைக்கொத்துதானே, போ என்றுவிட்டார்கள். என் பையைப் பிரித்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். துண்டைத் தலையில் கட்டிய ஒருவர், அங்கே அவர்தான் பொறுப்பு போலிருந்தது, வெட்ஜை வெளியே உருவினார்.

“இன்னா இது?”

கொல்லர் என் காதருகே வந்து, கல்யாணச் சமையலுக்குக் கரண்டி என்று சொல்லிவிடச் சொன்னார். அந்த நேரத்தில் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் கரண்டி மாதிரிதான் இருக்கும். ஆனால் பத்தடி தள்ளி அண்டா பக்கத்தில் ஓர் அம்மா நிஜக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். இதைக் கரண்டி என்று அவரிடம் விற்க முடியாது. பொய் அகப்பட்டால் அப்புறம் நான் சொல்லும் உண்மையையும் எவரும் நம்ப மாட்டார்கள். பந்து அடிக்கிற குச்சி, கோல்ஃப் என்று உள்ளதைச் சொன்னேன். உள்ளதும் நம்பும்படியாக இல்லை.

“அப்ப அடிச்சிக் காட்டு” என்றார் துண்டு கட்டியவர்.

சட்டைப் பையிலிருந்து பந்தை எடுத்துச் சாலையோரச் செம்மண்ணில் வைத்தேன். வெட்டிப் போட்ட மரத்தின் கிளைகளுக்கு மேலே தூக்கிப் போடுவதாகத் திட்டம். கம்பளத்தில் பத்துக்குப் பத்து அடித்த கை, பயம் என்ன? வீசினேன். குச்சியின் அடி தரையில் பட்டு ‘ணங்’ என்று எகிறியது. எகிறின இரும்பின் விளிம்பு பந்தின் வயிற்றில் பட்டது. பந்து மேலே போகவே இல்லை. முழங்கால் உயரத்தில் விர்ரென்று போய் அண்டாவில் மோதி, அண்டா மூடி கழன்று கீழே விழுந்து உருண்டது.

கரண்டி வைத்திருந்த அம்மா மூடியை எடுத்துத் துடைத்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“இத்த வச்சிக்கினு நீ யாரப்பா அடிக்கப் போற? பக்கத்துல நிக்கிறவங்க மேலயே படல.”

அதோடு சிரிப்பு வெடித்தது. உட்காரவைத்து அதே சோற்றில் எனக்கும் கொல்லருக்கும் போட்டார்கள். துண்டு கட்டியவர் பக்கத்தில் உட்கார்ந்து என் வேலையை விசாரித்தார். நாலு வருடமாகத் தினக்கூலி என்றதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

“இதுக்குத்தாம்பா நாங்க ரோட்டுல குந்திக்கினு இருக்கறது. நல்லா துன்னுட்டுப் போ.”

நடக்கும்போது ஒரே யோசனை. தப்பு என் கையிலா, குச்சியிலா? ஆளில்லாத இடத்தில் நின்று இரண்டாவது பந்தை வைத்து மறுபடி அடித்தேன். அதே எகிறல், அதே முழங்கால் உயரம். கொல்லர் குச்சியை வாங்கித் திருப்பி, அடிப்பக்கத்தில் கட்டைவிரலை ஓட்டினார்.

“அடி பெருத்துப்போச்சுபா இதுக்கு. களமருதூர் சேத்துக்கு நான் களைக்கொத்து அகலமா அடிக்கிறேன், பட்டையா எய்த்துக்கினு போவும். மலைமேல சாமை போடறவங்களுக்கு அதையே குட்த்தா கல்லுல பட்டு எகிறி அவங்க கால்லயே வந்து வுயும். அவங்களுக்கு ஒல்லியாத்தான் அடிக்கணும். நீ சேத்துக் கொத்த வாங்கிக்கினு மலைக்குப் போறவன்.”

நாலு வருடம் அந்தத் தரையைத் தினமும் கூட்டினவன் நான். அதன் கெட்டி என் உள்ளங்காலுக்குத் தெரியும். கடையில் அதை நினைக்கவே இல்லை, பளபளப்பைப் பார்த்தேன், நான் அழகாக அடித்ததைப் பார்த்தேன். அவமானமாக இருந்தது.

கொஞ்ச தூரம் மாட்டுவண்டி, மீதி நடை. வெயில் இறங்குகிற நேரத்தில் அவருடைய பட்டறைக்கு வந்துவிட்டோம். சாணையில் வைத்து அடியைத் தேய்த்துக் கொடுத்துவிடுகிறேன், கம்பெனியிலிருந்தே இப்படித்தான் வந்தது என்று சொல்லிக்கொள், யாருக்குத் தெரியப் போகிறது என்றார். ஆசைதான். ஆனால் அது என்னுடைய குச்சி இல்லை. இன்னொருவர் பொருளைக் கேட்காமல் தேய்க்க மனம் வரவில்லை, எடுத்துக்கொண்டு போய்விட்டேன். இந்த இடத்தில் என்னை உத்தமன் என்று நினைத்துவிடாதீர்கள். வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிடலாம் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். புதுக் குச்சியை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதற்குள் மார்க்கர் ஆர்டர் வந்துவிடும்.

மறுநாள் காலை இன்ஜினீயர் மைதானத்துக்கு வந்தார். குச்சியைக் கையில் வாங்கியதும் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கறுப்பு வட்டத்துக்கு முப்பது கஜம் தள்ளி நின்று அடித்தார். ணங். பந்து தரையோடு பறந்து, வட்டத்தைத் தாண்டி ஏரிக்கரையில் போய் நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. மூன்று பந்து வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

அவர் குச்சியைப் பார்க்கவில்லை. தன் மணிக்கட்டைப் பார்த்தார்.

“குச்சி நல்லாத்தான் இருக்கு ஏழுமலை. கைதான் போயிடுச்சு. தொடச்சு உள்ள வச்சிடு, இனிமே எனக்கு எதுக்கு.”

அவர் இரண்டெட்டு நடந்தும்விட்டார். நான் இன்னும் ஒரு நிமிடம் சும்மா இருந்திருந்தால் அந்த மனிதர் அதோடு ஆட்டத்தை விட்டிருப்பார். தன் கையைத் தானே பழித்துக்கொண்டு கடைசிவரை இருந்திருப்பார்.

“சார், கை நல்லாத்தான் இருக்குது. நான்தான் தப்பான குச்சிய வாங்கியாந்துட்டேன்.”

எங்கே அடித்துப் பார்த்தாய் என்று கேட்டார். பச்சைக் கம்பளத்தில் என்றேன். எப்போது உனக்குத் தெரியும் என்று கேட்டார். நேற்றே தெரியும் என்றேன். அந்த ‘நேற்றே’ அவருக்கு வலித்தது, முகத்தில் தெரிந்தது. பிறகு, அடி பெரிது என்று உனக்கு யார் சொன்னது, அவரிடம் கூட்டிப் போ என்றார்.

இருவரும் ஆளுக்கொரு சைக்கிளில் பட்டறைக்குப் போனோம். கொல்லரும் இன்ஜினீயரும் ஐந்து நிமிடத்தில் பழைய சிநேகிதர்கள் மாதிரி சண்டை போட ஆரம்பித்தார்கள். எந்த இடத்தில் தேய்ப்பது, எவ்வளவு தேய்ப்பது என்று. கடைசியில் கொல்லர் களைக்கொத்துக்குச் செய்கிற வேலையை இதற்கும் செய்தார். குச்சியின் அடி முழுக்கச் சுண்ணாம்பு தடவி, பட்டறை வாசல் மண்ணில் இன்ஜினீயரை வழக்கம்போல வீசச் சொன்னார். பிறகு திருப்பிப் பார்த்தார். எங்கே சுண்ணாம்பு போயிருக்கிறதோ அங்கே தரையில் உரசுகிறது, அங்கே சாணை பிடித்தார். மறுபடி சுண்ணாம்பு, மறுபடி வீச்சு. இன்ஜினீயரின் உடைந்த கை குத்தாமல் தட்டையாக இழுத்தது, அந்த இழுப்புக்குத் தகுந்த மாதிரி அடியும் ஒல்லியானது. நாலைந்து தடவை தேய்த்ததும் பளபளப்பெல்லாம் போய்ச் சாம்பல் நிறத்தில் ஓர் இரும்பு மிஞ்சியது. துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி நீட்டினார். இன்றைக்கு நீங்கள் குச்சியின் அடியில் டேப் ஒட்டி அடிக்கச் சொல்லி, தேய்ந்த தடம் பார்க்கிறீர்களே, அதை நான் முதலில் பார்த்தது களைக்கொத்து அடிக்கிற இடத்தில்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து ஓர் அணி எங்களோடு ஆட வருவதாக இருந்தது. சாலையில் மரம், அவர்கள் வரவில்லை. இன்ஜினீயர் தனியாக ஆறு குழியும் ஆடினார். கொடி பிடித்தது நான். முதல் குழியில் பந்து எழும்பி, கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் விழுந்து, மெல்ல உருண்டு கொடியருகே நின்றது. அவர் குச்சியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை இரண்டு தடவை விரித்து மூடினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மார்க்கர் வேலை பெங்களூர்க்காரருக்குப் போனது. நோட்டீஸ் போர்டில் பார்த்துவிட்டு ஏரிக்கரையில் போய் உட்கார்ந்து அழுதேன். உண்மையைச் சொன்னதற்கு இதுதான் பலனா என்று இன்ஜினீயர் மேல் அப்படியொரு ஆத்திரம். அடுத்த வாரம் அவர் கூப்பிட்டு ஒட்டிய கவர் ஒன்றைக் கொடுத்தார். குச்சி வாங்கிய அந்த மெட்ராஸ் கடையில் கொண்டுபோய்க் கொடு என்றார், அவ்வளவுதான். கடைக்காரர் மேல் புகார் எழுதியிருப்பார், கூடவே என்னைப் பற்றியும் எழுதியிருப்பார் என்று நினைத்தேன். மேலே இருந்த விலாசமே இங்கிலீஷ், பிரித்தாலும் எனக்குப் புரியாது. ஒரு மாதம் அதை டிரங்குப் பெட்டியிலேயே போட்டுவைத்தேன். பிறகு, திட்டு வாங்குவதென்றால் வாங்கித் தொலைப்போம் என்று சின்னசேலத்தில் ரயில் ஏறினேன்.

கடைக்காரர் கவரைப் பிரித்துப் படித்தார். என்னைப் பார்த்தார். பச்சைக் கம்பளத்தைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டே விட்டேன். அவர் தமிழில் சொன்னார்.

“‘தரை எப்படின்னு நீங்க கேக்கல, இவரும் சொல்லல. ஆனா தப்பு தன்னுதுன்னு இவர் என்கிட்ட வந்து சொன்னார். நான் சிபாரிசு பண்ணியும் இங்க வேலை வாங்கித் தர முடியல. தயவுசெஞ்சு இந்த ஆளுக்கு இனிமே எதையும் விக்காதீங்க. இந்த ஆளை விக்கச் சொல்லுங்க.’”

அந்தக் கடைக்காரர்தான் இப்போதைய முதலாளியின் அப்பா. அந்தக் கடைதான் நீங்கள் நிற்கிற கடை. சிபாரிசு செய்திருக்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்த மனிதரை ஒரு மாதம் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேனே என்று இருந்தது.

வேலைக்குச் சேர வரும்போது கொல்லரின் பட்டறை வாசலில் ஒரு சாக்கு மண் வெட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். அதுதான் அந்தப் பெட்டி. ஊருக்குப் போகும்போதெல்லாம் கொஞ்சம் கொண்டுவந்து நிரப்புவேன். அதனால் நான் எல்லாருக்கும் சரியாக விற்றேன் என்று நினைக்காதீர்கள். செம்மண் மயக்கத்தில், கடற்கரை மணலில் ஆடுகிற ஒரு டாக்டருக்கு ஒல்லியான வெட்ஜைக் கொடுத்து அனுப்பினேன். அது மணலுக்குள் புதைந்து பந்து அசையவே இல்லை என்று திரும்பி வந்தார். தப்பு தெரிந்ததுமே நானே போன் செய்து மாற்றிக் கொடுக்காமல் அவரை வரவைத்துவிட்டேனே என்றுதான் வருத்தம். பொலபொல மணலுக்கும் ஈரப் புல்லுக்கும் அந்தப் புடைத்த அடிதான் வேண்டும். குத்தி அடிக்கிற கைக்கும் அதுதான். மாற்றுக் குச்சி கேட்டு வருகிறவரிடம் முதலில் பழைய குச்சியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அது எங்கே தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள், பிறகு அவர் ஊர்த் தரையைக் கேளுங்கள். விலையும் பளபளப்பும் அதற்கப்புறம். தப்பாகக் கொடுத்துவிட்டது தெரிந்தால் அன்றைக்கே போன் செய்யுங்கள். அவர் தன் கையைப் பார்த்துக்கொள்ளும் வரைக்கும் விட்டுவிடாதீர்கள்.

இனி உங்கள் மனு. தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொருவரும் கம்பளத்தில் உங்களுக்கு அழகாக அடிக்க வருகிற வெட்ஜை எடுத்துக்கொண்டு, பின்கட்டுக்குப் போய், அந்தப் பெட்டி மண்ணை நன்றாக மிதித்து இறுக்கி, ஒரே ஒரு பந்து அடியுங்கள். எதிரே சோற்று அண்டா எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் பெட்டி வேண்டாம் என்று தோன்றினால் மனுவைத் திருப்பி அனுப்புங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.